நிற்க ஒரு நாற்காலி

மனுதாரரிடம் ஏற்கெனவே சக்கர நாற்காலி இருக்கிறது, ஆகவே நிற்கவைக்கும் நாற்காலி ஆடம்பரம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி தன் எதிருரையில் எழுதியிருந்தது.

மனுதாரர் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுப் பிழைத்தவர். வயது 34. வேன் மோதி முதுகுத்தண்டு நொறுங்கியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. விபத்து இழப்பீட்டு மனுக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: வருமான இழப்பு, மருத்துவச் செலவு, உதவியாள் செலவு, வலி வேதனை. நிற்கும் கருவிக்கென்று தனித் தலைப்பு சேர்த்ததற்குக் காரணம் அவர் மனைவிதான். “ஆஸ்பத்திரியில பெல்ட் போட்டு நிக்க வெச்சாங்க சார். அன்னிக்குத்தான் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசினாரு” என்றார்.

மறுவாழ்வு மருத்துவரைச் சாட்சியாக விசாரித்தேன். எந்நேரமும் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும், பிட்டத்து எலும்புக்குக் கீழே அழுத்தப் புண் வரும், நிற்கும் நேரம் அந்தத் தோலுக்கு ஓய்வு என்றார். எடுத்த எடுப்பில் நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருமாம். அதனால் முதலில் சாய்வு மேசையில் படுக்கவைத்துக் கட்டி, கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எலும்புத் தேய்மானத்தை இது எவ்வளவு தடுக்கும் என்று குறுக்கு விசாரணையில் கேட்டதற்கு, “அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்” என்றார். அந்த ஒரு பதிலால்தான் மற்றப் பதில்களை நீதிபதி நம்பினார் என்பது என் எண்ணம்.

விலை பெரிய சிக்கலாக இல்லை. சென்னை ஐஐடியில் உருவாகி 2019-இல் வெளிவந்த ‘அரைஸ்’ நாற்காலியின் அறிமுக விலை சுமார் 15,000 ரூபாய்தான். தேய்ந்தால் மாற்ற வேண்டுமே என்று பின்னாளைய நாற்காலிகளுக்கும் சேர்த்தே கேட்டேன். இறுதித் தீர்ப்பு வந்தபின் கூடுதலாகக் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை என்று நாகப்பா வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று விட்டால் விட்டதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். ஆடம்பரம் என்ற வாதம் எடுபடாது என்று தெரிந்ததும் ஆளே மாறினார். “நாற்காலியைக் கொடுத்துவிடலாம். நின்றால் இஸ்திரி போடுவார் அல்லவா? வருமான இழப்பு எப்படி 100 சதவீதம்? 60 போதும்” என்றார். தாராளம்போல் தெரிந்த அந்தப் பேச்சின் கணக்கைப் பாருங்கள். மாத வருமானம் 12,000. எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. 12 மாதம், வயதுக்குரிய பெருக்கெண் 16. மொத்தம் 32,25,600. அறுபதுக்கு இறக்கினால் 12,90,240 ரூபாய் போய்விடும், ஒரு 15,000 ரூபாய் நாற்காலியைக் காட்டி!

ராஜ்குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்பை (2011) எடுத்து வைத்தேன். இடது கை போனால் ஓட்டுநரின் பிழைப்பே போகும், குமாஸ்தாவுக்கு அப்படியல்ல. உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று விளக்கும் தீர்ப்பு அது. எங்கள் ஆள் கட்டப்பட்டு நிற்பது கொஞ்ச நேரம். வீடு வீடாகப் போய்த் துணி வாங்குவது யார்? கரிப்பெட்டியைத் தூக்கி வைப்பது யார்? தீர்ப்பாயம் 90 சதவீதம் என்று நிர்ணயித்தது, நாற்காலித் தொகையையும் தனியாகத் தந்தது. பத்து சதவீதக் குறைப்பு எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. தடையாணைக்கு நிபந்தனையாகக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நாற்காலி வாங்கினோம். மேல்முறையீட்டு விசாரணையில் அவர்கள் ஒரு புகைப்படத்தை நீட்டினார்கள்: வண்டியருகே நிமிர்ந்து நின்று சட்டை தேய்க்கிறார். குணமாகிவிட்டாராம். படத்தில் மார்பிலும் முழங்காலிலும் இருந்த பெல்ட்டுகளைப் பார்க்கும்படி நீதிபதிகளைக் கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவியையும் காட்டினேன். அவர் செய்துவந்த வீட்டு வேலையை இதற்காக விட்டிருந்தார். மேல்முறையீடு தள்ளுபடியானது.