கடத்தூர் சந்தையில் ஒரு கட்டு வெற்றிலை... அக்கா கல்யாணத்துக்குத் தாம்பூலம் தேடிப் போன கதை!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. முதல் நாள் ராத்திரியே பொம்மிடியில் சித்தப்பா வீட்டுக்கு வந்து தங்கிவிட்டு, முதல் பஸ்ஸில் நானும் அப்பாவும் கடத்தூரில் இறங்கினோம். பனி இன்னும் விலகவில்லை. சந்தைக்குள் நுழையும் முன்பே காரமும் பச்சையும் கலந்த அந்த வாசனை வந்துவிட்டது. வெற்றிலை வாசனை!

தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் சின்னப் பேரூராட்சி கடத்தூர். வாரம் ஒரு நாள் இங்கே வெற்றிலைக்கென்றே சந்தை கூடுகிறது. சோழவந்தான் வெற்றிலைக்கும் தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரெல்லாம் வெளியூருக்கு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால், "கடத்தூர்ல சொல்லிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

நாங்களும் சொல்லி வைக்கத்தான் போனோம். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம்.

51,000 ரூபாய் டப்பா

வரிசையாக ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் கட்டுக் கட்டாக வெற்றிலை. ஒரு பெரியவர் அப்பாவைப் பார்த்து, "எத்தினி பேருக்குங்க?" என்றார்.

"600 பை போடறோம். பைக்கு ரெண்டு வெத்தல."

"ரெண்டேவா? பையில மிச்சம் என்னாங்க வெக்கிறீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. மிச்சம் என்ன என்பதுதான் ஒரு வாரமாக எங்கள் வீட்டுச் சண்டை. மூடியில் மணமக்கள் பெயர் அச்சடித்த எவர்சில்வர் டப்பா ஒன்று, 85 ரூபாய். 600 பைக்கு 51,000 ரூபாய். வெற்றிலைக்கு அப்பா ஒதுக்கியிருந்தது 2,000 ரூபாய்தான். டப்பாவுக்காக அம்மாவின் வளையலை அடகு வைக்கலாம் என்ற பேச்சு வரை வந்துவிட்டது.

தாம்பூலப் பை என்று பெயர். ஆனால், பையில் தாம்பூலம்தான் ஆகக் குறைவு!

கண்ணாடி உடையும் கல்யாணம்

பெரியவர் கேட்ட கேள்வி எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தியது. அந்த வாரம் அலுவலகத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தது யூதத் திருமணச் சடங்கு பற்றிய கட்டுரை. சடங்கின் முடிவில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைப்பார். உடனே எல்லோரும் "மஸல் தோவ்" என்று வாழ்த்திக் கத்துவார்கள்.

கி.பி. 70-ல் ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். எவ்வளவு சந்தோஷத்திலும் அந்த இழப்பை மறக்கக் கூடாது என்பதற்காகவே உடைக்கிறோம் என்கிறார்கள் யூதர்கள். அவர்களுடைய பழைய நூலான தல்மூதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒருவர் தன் மகன் கல்யாணத்தில் விருந்தினர்கள் அளவுக்கு மீறிக் குதூகலிப்பதைப் பார்த்தார். 400 சூஸ் மதிப்புள்ள விலை உயர்ந்த கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் உடைத்தார். சபை அமைதியானது.

இன்று அந்த உடைந்த துண்டுக்கும் ஒரு வியாபாரம் இருக்கிறது. உடைப்பதற்கென்றே கலர் கலராகக் கண்ணாடி, அழகான பையோடு விற்கிறார்கள். துண்டுகளைத் திருப்பி அனுப்பினால் அவற்றைப் பதித்து போட்டோ ஃபிரேம், மெழுகுவத்தி ஸ்டாண்ட் என்று செய்து தருகிறார்கள். சத்தம் நன்றாக வரும் என்று பழைய குண்டு பல்பைத் துணியில் சுற்றி மிதிப்பவர்களும் உண்டு.

ஆசையாக எடுத்து வைத்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், உடைந்து போவதுதான் அந்தக் கோப்பையின் வேலை. அதை அலமாரியில் வைக்கும் பொருளாக மாற்றும்போது, உடைத்த காரணம் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது.

நம் வெற்றிலையும் அப்படித்தானே?

வாடுற பொருளுக்கு ஏன் மரியாதை?

கொடிக்காலில் அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் கொடி வெற்றிலை. தண்ணீர் குறைந்தாலும் ஆகாது, தேங்கினாலும் ஆகாது. கைக்குழந்தை மாதிரி பார்க்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த இலை, பறித்த சில நாட்களில் வாடிவிடும்.

அப்படிப்பட்ட இலையை மாற்றிக்கொண்டுதான் நாம் நிச்சயதாம்பூலம் செய்கிறோம். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டால் பேச்சு மாறக் கூடாது. கல்யாணத்துக்கு அழைக்கவும் வெற்றிலை பாக்குதான், வந்தவரை அனுப்பவும் வெற்றிலை பாக்குதான். வாங்கியவர் மென்று முடித்துவிடுவார். மிஞ்சுவது கொடுத்த மரியாதை மட்டும்தான். பணக்காரர் கொடுத்தாலும் ஏழை கொடுத்தாலும் அதே இலை.

டப்பா அப்படி இல்லை. "அவங்க வீட்ல பெருசு குடுத்தாங்க, இவங்க சின்னதா குடுத்துட்டாங்க" என்று அளந்து பேச வைக்கும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு!"

அம்மா கேட்ட கேள்வி

சொன்னேன். அம்மா சுலபமாக விடவில்லை.

"நம்ம வீட்டு ஷெல்ஃபைத் தொறந்து பாரு. எத்தனை பேர் வீட்டு டப்பா இருக்கு? வாங்கி வெச்சுக்கிட்டு, நாம மட்டும் வெறும் வெத்தல குடுத்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

நியாயமான கேள்வி. எண்ணிப் பார்த்தோம். 23 டப்பா இருந்தது. அதில் எது யார் கல்யாணத்தில் வந்தது என்று பெயரைப் படிக்காமல் அம்மாவால் சொல்ல முடிந்தது நாலே நாலு. அக்காதான் முடித்து வைத்தாள். "என் கல்யாணத்துக்கு உன் வளையல் உன் கையில இருக்கணும்மா. எனக்கு அது போதும்."

இப்போது முடிவு இதுதான். மஞ்சள் துணிப்பை, ஒரு தேங்காய், பாக்கு, ரெண்டுக்கு பதில் ஐந்து வெற்றிலை. மண்டப வாசலில் மேசையில் அடுக்கி வைக்காமல், அத்தையும் சித்தியும் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்புவார்கள்.

கடத்தூர் பெரியவருக்கு அப்பா போன் செய்து கணக்கை மாற்றிச் சொன்னார். 1,200 இலை 3,000 ஆனது. "சரிங்க, முன்னாடி ஞாயித்துக்கெழம வந்துருங்க. இப்பவே வாங்கி வெச்சா வாடிரும்" என்றார் அவர்.

நீங்களும் அந்தப் பக்கம் போனால் ஒரு ஞாயிறு விடியலில் கடத்தூர் சந்தையை எட்டிப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். வெற்றிலை யாருக்காகவும் காத்திருக்காது!