குடமும் இடுப்பும்

பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை தூளியைப் போலத் தொங்கி, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைத்தொகுதிக்கு இடுப்புத்தளம் என்று பெயர். மகப்பேற்றின்போது இத்தசைகள் அளவுக்கு மீறி இழுபடுவதாலும், மாதவிடாய் நின்றபின் திசுக்களின் உறுதி குறைவதாலும், வயிற்றின் உள்ளழுத்தம் ஆண்டுக்கணக்கில் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதாலும், மேலிருக்கும் உறுப்புகளில் ஒன்றோ பலவோ பிறப்புறுப்புப் பாதைக்குள் சரிவதையே மருத்துவம் இடுப்பு உறுப்பு இறக்கம் என்கிறது. வடசென்னைப் பெண்கள் இதற்கு நூற்பெயர் தேடுவதில்லை. 'அடி இறங்கிப்போச்சு' என்றோ 'கீழே ஏதோ வந்து முட்டுது' என்றோ, அதையும் மகளிடமோ ஓரகத்தியிடமோ குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, மறுபடி குடம் தூக்கும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த வடசென்னையின் மாதவரத்துக்குப் புழல் ஏரியும் ரெட்டேரியும் பக்கத்திலேயே இருந்தும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் புழல் உட்பட நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, அங்கே லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களே. பதினைந்து லிட்டர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் எடை ஏறத்தாழ பதினைந்து கிலோ. தரையில் இருக்கும் அந்தக் குடத்தின் கழுத்தை வலக்கையால் பற்றி, முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே உந்தில் இடுப்புக்கு ஏற்றும் அந்த ஒரு நொடியில்தான் வயிற்றின் உள்ளழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. அடைத்த மூச்சு மேலே போக வழியில்லாமல் இடுப்புத்தளத்தின்மேல் இறங்குகிறது. அதே குடத்தை முக்கால் அளவே நிரப்பி, இரு முழங்கால்களையும் மடக்கி, உடலோடு ஒட்டி அணைத்து, இடுப்புத்தளமாகிய அடித்தசையை முதலில் உள்ளிழுத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி தூக்கினால், அந்த அழுத்தம் தணிகிறது. இருமலுக்கும் தும்மலுக்கும் முன்பும் அடித்தசையை இவ்வாறு இறுக்கிக்கொள்வது நல்லது. எண்ணூர், மணலி வட்டாரத்தின் புகையிலும் சாம்பல் தூசியிலும் வாழ்ந்து ஓயாமல் இருமும் பெண்ணுக்கு இருமலே நாள்தோறும் தூக்கும் ஒரு சுமை என்பதால், இறக்கத்துக்கு மருந்து தேடுமுன் இருமலுக்கு மருத்துவம் பார்ப்பதுதான் முறை.

அடித்தசையை இறுக்குவது என்பது, சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளும் மேலுமாக இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, பிறகு முழுமையாகத் தளர்த்துவது. வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை இறுகாமலும் மூச்சு நிற்காமலும் இருந்தால்தான் சரியான தசை வேலை செய்கிறது என்று பொருள். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இதை ஒரு மருத்துவப் பயிற்சியாக எழுதி வைத்தார். ஹடயோக நூல்கள் கூறும் மூலபந்தமும் இதற்கு நெருங்கிய உறவுடையதே. இப்பயிற்சியைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்ட பெண்களுக்குத் தொல்லைகள் குறைந்ததை, பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நடந்து 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, குறைந்தது மூன்று மாதம் என்பது வழக்கமான அளவு. சில நாளிலேயே பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு என்பதால் அந்த மூன்று மாதத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகின் இயல்பான வளைவைக் காத்து நிமிர்ந்து நின்றால் உறுப்புகளின் எடை முன்புற எலும்பின்மேல் சாய்கிறது என்ற நிலைப்பாடும் உண்டு. அதற்குள்ள சான்று பயிற்சிக்குள்ள சான்றின் அளவுக்கு உறுதியானதன்று, எனினும் கூனி நிற்பதையும் வயிற்றை எந்நேரமும் எக்கிப் பிடிப்பதையும் விடுவதால் கேடொன்றும் இல்லை.

பேறுகாலப் பழக்கங்களிலும் சிலவற்றை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பிள்ளை பெற்றவளின் வயிற்றைப் பழம்புடவையால் இறுக்கிக் கட்டுவது அழுத்தத்தைக் கீழே திருப்பக்கூடும். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது மலச்சிக்கலில் முடிந்து, முக்கி முக்கிக் கழிக்கும் நிலைக்குக் கொண்டுவிடும். வாழைத்தண்டு, கீரை, போதிய தண்ணீர் ஆகியவை இங்கே மருந்துக்குச் சமம். குந்தி உட்காரும் பழைய கழிப்பறை வசதியானதே. மேலைநாட்டுக் கழிப்பறை உள்ள வீட்டில் காலடியில் ஒரு சிறு முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் முக்குவது குறையும்.

இவ்வளவும் அந்தப் பெண் ஒருத்தியின் பொறுப்பாகவே விடப்படுவதுதான் வருத்தத்துக்குரியது. செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், தமிழ்நாட்டுப் பெண்களிடம் கருப்பை இறக்கத்தைப் பற்றிக் கேட்டறிந்தபோது, பேறு முடிந்தவுடன் கடும் வேலைக்குத் திரும்ப நேர்ந்ததும், வெட்கத்தால் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் இருந்ததும் வெளிவந்தன. நேபாளத்தில் இதே துன்பம் பரவலாக இருந்ததை முன்னிட்டு, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் இதனைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த வழக்காகவே எடுத்துத் தீர்ப்பளித்தது. குழந்தை பெற்ற பெண்ணுக்குச் சில வாரங்களாவது குடம் தூக்காத ஓய்வு கிடைக்க வேண்டுமென்றால், குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வரவேண்டும், அல்லது வேறொருவர் குடம் தூக்க வேண்டும். கணவன்மாருக்கும் இடுப்பு உண்டு.

பயிற்சியின் எல்லையையும் மறைக்கலாகாது. தொடக்கநிலை இறக்கத்தில் தொல்லை குறைகிறது. வெளியே முழுதும் வந்துவிட்ட கருப்பையைப் பயிற்சி உள்ளே திருப்பிவிடாது. அந்நிலையில் பெசரி எனப்படும் சிலிகான் வளையத்தை உள்ளே பொருத்தித் தாங்கவைக்கலாம். அறுவை சிகிச்சையும் உண்டு. இரத்தக்கசிவு, புண், சிறுநீர் கழிக்க முடியாமை இவற்றில் எது தோன்றினாலும் ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். வாதத்தில் விழுந்த பெரியவருக்குக் கையை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்து முடித்தபின், அடுப்படியில் நிற்கும் அவருடைய மருமகளிடம், 'உங்களுக்குக் கீழே எதுவும் முட்டுவதுபோல இருக்கிறதா அம்மா' என்று அவர்கள் ஒரு முறை கேட்டுவிட்டால், அவள் முதன்முறையாக வாய்திறக்கக்கூடும்.