நாலடிக் குழி

மார்கழியில் அம்மாவின் கதிரை ஒரு நாளைக்கு மூன்று தடவை இடம் மாறும். காலையில் குசினி யன்னலடி, மத்தியானம் முன்னறை, இரண்டு மணிக்குப் பிறகு மாடிப்படியோரம். வெயில் போகுமிடமெல்லாம் கதிரையும் போகும். உரும்பிராயில் விறாந்தை வைத்த வீட்டில் வாழ்ந்தவருக்கு ஸ்காபரோவில் வெயில் தரும் இடம் அவ்வளவுதான். எங்கள் வீட்டின் பின்பக்கம் தெற்குப் பார்த்தது. அங்கே ஒரு கண்ணாடி அறை, இங்கே எல்லோரும் சொல்லும் ‘சன்ரூம்’, போடுவதென்று தீர்மானித்தேன்.

யாரிடம் கொடுப்பது? சொந்தக்காரர் ஒருவர் முன்பே போட்டிருந்தார். முதல் பனிக்காலம் முடியவே கதவு இறுகிவிட்டது, மூலைக் கண்ணாடி வெடித்தது. தோண்டிப் பார்த்தால் தூணின் அத்திவாரம் 2 அடிகூட இல்லை. பெர்மிட்டும் எடுக்கவில்லை. கட்டியவரின் தொலைபேசி அதற்குள் மாறிவிட்டது.

ஆகவே நான் மூன்று கொன்ராக்டர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “குழி தோண்டுற அண்டைக்கு வந்து பாக்கலாமோ?” இரண்டு பேர் பளபளக்கும் அறைகளின் படங்களை அனுப்பினார்கள். மூன்றாமவர் சொன்னார்: “வியாழன் காலமை ஏழு மணிக்கு மார்க்கத்துக்கு வாங்கோ, அக்கா. பழைய சப்பாத்தாப் போட்டுக்கொண்டு வாங்கோ.”

மார்க்கத்தில் அவர் வேலைசெய்த வீடு, ஐப்பசிக் குளிர். புல்தரையில் சின்னச் சின்னக் கொடிகள் குத்தியிருந்தன. மஞ்சள் என்றால் எரிவாயுக் குழாய், சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், செம்மஞ்சள் தொலைபேசி வயர். தோண்டுவதற்கு முன்னர் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவித்து இவற்றைக் குறிப்பித்துக்கொள்வது இங்கே சட்டம், வீட்டுக்காரருக்குச் செலவில்லை. கொடியில்லாத வளவில் மண்வெட்டி வைப்பவரை அன்றே திருப்பி அனுப்பலாம்.

என்னை வரச்சொன்ன அந்தக் கொன்ராக்டர் அண்ணை ஊரில் மேசன் வேலை பழகியவர். இங்கே வந்து முப்பது வருடமாகிறது. துளைபோடும் இயந்திரத்தை இரண்டு பெடியள் பிடித்திருந்தார்கள். களிமண் கல்லாகக் கிடந்தது. இயந்திரத்தை வெளியே எடுத்ததும் கூட வேலைசெய்த போர்த்துக்கீசக் கிழவர் முழங்காலில் இருந்து, நீளப்பிடிக் கரண்டி ஒன்றால் அடியில் கிடந்த உதிர்மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டார். உதிர்மண்ணின் மேல் கொங்கிறீற் ஊற்றினால் பாரம் ஏறும்போது அது அமிழும். அந்தக் கால் மணித்தியால வேலையை ஒருவரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

அண்ணை அளவுநாடாவை உள்ளே விட்டார். 4 அடி 2 அங்குலம்.

“எல்லாரும் கண்ணாடியைத்தான் பாக்கினம். நிலம் என்ன செய்யுமெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

நிலம் செய்வது இதுதான். பனிக்காலத்தில் மேல்மண்ணில் உள்ள தண்ணீர் உறைந்து பருத்து மண்ணையே மேலே தூக்கும். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் இன்னும் மோசம். வீடு நிலவறையோடு ஆழமாக நிற்பதால் அசையாது. மேலோட்டமாக நின்று வீட்டோடு ஒட்டிய அறை மட்டும் எழும்பி இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கதவு இறுகும், கண்ணாடி வெடிக்கும். ரொறன்ரோப் பக்கத்தில் அத்திவாரம் 1.2 மீற்றர், அதாவது 4 அடி, கீழே போகவேண்டும் என்ற விதி இதனால்தான். நகரசபைப் பரிசோதகர் வந்து குழியைப் பார்க்கும்வரை கொங்கிறீற் ஊற்றக்கூடாது. அன்று அவர் வர பதினொரு மணியானது. அதுவரை குழிகள் வாய் திறந்தபடி கிடந்தன, அண்ணை அவசரப்படவில்லை.

காத்திருந்தபோது வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினார். “இது செங்கல் வீடெண்டு நினைக்கிறியள். கல்லு ஒரு சட்டை மாதிரி. வீட்டைத் தாங்கிறது உள்ளுக்கை இருக்கிற மரச்சட்டம்.” ஒற்றை வரிசைச் செங்கல்லில் ஆணியடித்து அறையின் பாரத்தைத் தொங்கவிடுபவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவருடைய வரைபடத்தில் வீட்டுப் பக்கத்திலும் தனித் தூண்கள் இருந்தன. செங்கல்லோடு சேரும் இடத்தில் சாந்து வரியைக் கீறித் தகடு செருகுவது மழைத்தண்ணீருக்காக மட்டுந்தான்.

அம்மாவின் கதிரையைப் பற்றிச் சொன்னேன். உடனே நான் நினைத்திருந்த கண்ணாடிக் கூரையை மாற்றச் சொன்னார். மார்கழி நடுவில் இங்கே உச்சிச் சூரியனே 23 பாகைதான் உயரும். தெற்குக் கண்ணாடியால் வெயில் அறையின் அடிவரை வரும். ஆனியில் 70 பாகைக்குக் கிட்டப் போய்விடும்; கண்ணாடிக் கூரையென்றால் உள்ளே அடுப்புத்தான். கூரையை மூடிக் காப்பிட்டு, தெற்குச் சுவரை மட்டும் இரட்டைக் கண்ணாடியில் வைக்கலாம் என்றார். கண்ணாடி எவ்வளவு நல்லதென்றாலும் காப்பிட்ட சுவரின் சூடு அதில் நிற்காது. பனிக்காலமும் இருப்பதற்கான அறையென்றால் வெப்பமூட்டும் செலவையும் கணக்கில் வைக்கவேண்டும். இதைச் சொன்னதால் அவருக்குத்தான் வருமானம் குறைந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது இடது முழங்காலை நீட்டியே வைத்திருந்தார். வந்த புதிதில், காசுக்கூலிக்கு நின்ற இடத்தில், கூரையால் விழுந்தாராம். காப்புறுதி இல்லை. ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். மனைவியின் தொழிற்சாலைச் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. இன்று அவருடைய பெடியள் இருவரிடமும் உயரத்தில் வேலைசெய்யும் பயிற்சி அட்டை இருக்கிறது. டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலையிடக் காப்புறுதிச் சபையின் சான்றிதழை நான் கேட்கமுன் அவரே எடுத்துத் தந்தார். மலிவான விலை சொன்ன மற்ற இருவரிடமும் அதைக் கேட்டேன். ஒருவர் “பிறகு தாறன்” என்றார், மற்றவர் பதில் போடவில்லை. அந்த மலிவு எந்தத் தொழிலாளியின் முழங்காலிலிருந்து வருகிறது என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஒப்பந்தத்தில் கண்ணாடியின் வகை, தூணின் ஆழம், பெர்மிட் எடுப்பவர் யார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு என்பதெல்லாம் எழுதிக்கொண்டோம். ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை நான் பிடித்து வைக்கவேண்டும். உப ஒப்பந்தக்காரருக்கோ பொருள் தந்தவருக்கோ காசு போகாவிட்டால் அவர்கள் என் வீட்டின் மேல் உரிமை கோரலாம், அதற்கான காப்பு அது. அண்ணை அதையும் தானே எழுதினார்.

எங்கள் வளவில் வைகாசியில் தோண்டினார்கள். ஆறு குழிகள். ஒவ்வொன்றிலும் நாடாவை விட்டு நானே அளந்தேன். நாலடிக்குக் குறைந்தது ஒன்றுமில்லை.