நெஞ்சளவுத் தண்ணீர்

என் மனைவி சாகப் பார்த்தது காற்றால் அல்ல, படகாலும் அல்ல. என்னால். இரண்டு வருடமாக உறவுக்காரர்களிடம் வேறு கதை சொல்லிவருகிறேன். நடந்ததை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் லேத்துப் பட்டறை வேலை. கடைசிப் பத்து வருடம் ஃபோர்மேன். ஓய்வுக்குப் பிறகு படகுப் பித்து பிடித்தது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் இருவரும் நாலைந்து முறை பெடல் படகு மிதித்தோம். என் அனுபவம் மொத்தமும் அதுதான். அதை வைத்துக்கொண்டு, பழவேற்காட்டில் பாய் விரித்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் வரை போகலாம் என்றேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. "நீங்க கூட இருக்கீங்கல்ல" என்றாள்.

கால்வாயைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். 1806-இல் வெட்டத் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் மண் சுமந்து கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் பாய் விரித்தும், காற்றில்லாதபோது கரையிலிருந்து ஆள் கயிறு கட்டி இழுத்தும் பட்டணம் வந்தது. எல்லாம் தெரியும். படகு ஓட்டத் தெரியாது.

2023 மாசி. விடியுமுன் கிளம்பி, செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு ஏரிக்குள் வெள்ளோட்டம், மறுநாள் எண்ணூர் என்று திட்டம். படகு தர யாரும் சம்மதிக்கவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலா வருபவர்களைப் படகில் ஏற்றத் தடை. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தே, பழக்கமான ஒரு மீனவத் தம்பியின் பணமுடையைப் பயன்படுத்திக்கொண்டேன். கூட வருகிறேன் என்றவரை வேண்டாம் என்றேன்.

"சார், பத்து மணிக்கு மேல காத்து கடல்லேர்ந்து அடிக்கும். அதுக்குள்ள திரும்பிடுங்க. பாய்க்கயித்தைக் கையிலயே வச்சிருங்க, எங்கயும் கட்டிடாதீங்க. வேகமா அடிச்சா விட்டுடுங்க" என்றார். நான் அவருக்கு 1806 பற்றிச் சொன்னேன்.

மணி பத்தரை. மேற்குக் காற்றில் படகு சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வீடியோ எடுக்க ஆசை. கை வேண்டியிருந்தது. கயிற்றைக் குறுக்குக் கட்டையில் கட்டினேன். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அவளைக் கழற்றச் சொன்னேன். "இது இருக்கட்டுமேங்க" என்றாள். முறைத்தேன். கழற்றினாள். லேத்து ஓடும்போது செல்போனைத் தொட்ட பையன்களை வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

காற்று மாறியது. பாய் படீரென்று மறுபக்கம் அடித்தது. கயிறு முடிச்சில் இருந்தது. படகு கவிழ்ந்தது.

நான் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். அவள் பாய்க்கு அடியில் இருந்தாள். என் கணுக்காலை எதுவோ பற்றியது. உதறினேன். மறுபடி பற்றியது. மறுபடி உதறினேன். வலை என்று நினைத்ததாகப் பிறகு அவளிடம் சொன்னேன். பொய். வளையல் பட்டது. விரல்கள் என்று தெரிந்துதான் உதறினேன்.

கொஞ்ச தூரத்தில் இருளர் பெண்கள் மூவர் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யும் வேலை அது. ஒருவர் பறியை விட்டுவிட்டு வந்தார். நீந்தி அல்ல, நடந்து. பாயைத் தூக்கி, அவளை முடியைப் பிடித்து மேலே இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "யோவ், காலை ஊணுய்யா" என்றார். ஊன்றினேன். தண்ணீர் என் நெஞ்சளவுதான் இருந்தது.

அந்த அம்மாவின் அன்றைய இறால் தண்ணீரோடு போனது. நான் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, காசு கொடுக்கவும் இல்லை. பேர்கூடக் கேட்கவில்லை.

நுரையீரலில் சேறு போய், என் மனைவி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்றும் ஸ்டேஷன் படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளில் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. படகுக்காரத் தம்பியை ஊர் கூட்டி விசாரித்தார்கள். ஒரு மாதம் அவர் தொழிலுக்குப் போக முடியவில்லை. நானோ படகு ஓட்டை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நானே குதித்து அவளைக் காப்பாற்றினேன் என்றும் சொன்னேன். கல்யாண வீடுகளில் அந்தக் கதையைக் கேட்டு வாங்கிக் கேட்கிறார்கள். நானும் சொல்வேன். அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. கதை தொடங்கியதும், யாருக்காவது காபி வேண்டுமா என்று கேட்டபடி எழுந்து போய்விடுவாள்.

இனி அவள் எழுந்து போக வேண்டியதில்லை.