கொத்மலைக்கு வந்து கேட்டவர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்ரீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு கொத்மலை என்றால் நீர்த்தேக்கம். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஊடகம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு கொத்மலை என்றால் வானொலி. இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. வகுப்பில் சொன்னால் "சேர், எங்கட கொத்மலையா?" என்று கேட்கிறார்கள். எங்கட கொத்மலைதான்.

மகாவலித் திட்டத்தில் காணி பூமியை விட்டுப் போன மக்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. 1990களின் கடைசியில் அதே நிலையத்துக்கு இணைய இணைப்பும் கொடுத்தார்கள். அப்போது கொழும்பிலேயே பலருக்கு இணையம் என்றால் என்னவென்று தெரியாது. இங்கே நேயர்கள் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி கேட்பார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, துறை தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதிலை வானொலியில் சொல்வார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். இதில் கூட்டாளிகள் யார் தெரியுமா? யுனெஸ்கோ, ஊடக அமைச்சு, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்புப் பல்கலைக்கழகம். இவர்களோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும். அந்தக் கடைசிப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2002இல் டொன் ஸ்லேட்டர், ஜோ டாச்சி, பீட்டர் லூயிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். எத்தனை பேர் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும் ஆய்வு அல்ல அது. இங்கே ஒரு செய்தி எப்படிப் பயணம் செய்கிறது? பஸ்ஸில் வருகிறதா, கடையில் வருகிறதா, வானொலியிலா, பக்கத்து வீட்டிலா? காசு யாரிடம் இருக்கிறது, நேரம் யாருக்கு இருக்கிறது? இப்படி மக்களோடு பேசி, ஊரின் தொடர்பாடல் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் முறை. இந்த முறையை மற்ற நாடுகளிலும் பயன்படுத்த 2003இல் யுனெஸ்கோ கைநூல் ஒன்றும் வெளியிட்டது.

கொத்மலையில் கேட்டதில் உலகம் பாடம் படித்தது. எங்கள் நாட்டுச் சட்டம் என்ன படித்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

பெரிதாக ஒன்றுமில்லை. சமூக வானொலி என்று பெயர் இருந்தாலும் நிலையம் அரச கூட்டுத்தாபனத்தின் சொத்து. ஊர் மக்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்கு ஒரு வானொலி நடத்த அனுமதிப்பத்திரம் கேட்டால், அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லை. தனியார் வானொலிக்கு அனுமதி கொடுப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைச்சரின் கையில். 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அதை மேற்பார்வை செய்யும் சபை அரசாங்கத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் அதை மறித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பிறகு சுயாதீனமான சபையும் வரவில்லை. 2016இல் இலங்கை ஊடகத்துறையை ஆராய்ந்த பெரிய அறிக்கை ஒன்றும் சமூக வானொலிக்கு இடம் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. எங்கள் ஊர் வானொலி பெரும்பாலும் சிங்களத்தில் பேசியது. தமிழில் கேட்கும் தோட்டத்து மக்களுக்கும் எங்களுக்கும் இதில் எவ்வளவு இடம் என்பதை அந்த அனுமதிப்பத்திரம்தான் தீர்மானித்திருக்கும்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான பகுதிக்கு வருகிறோம்.

2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது. அதே ஆண்டில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் பேஸ்புக்கில் சிங்கள மொழியில் பரவிய வெறுப்புப் பேச்சை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சஞ்சன ஹத்தொட்டுவ அதை எழுதியவர்களில் ஒருவர். எந்த மாதிரிப் பக்கங்கள், என்ன சொற்கள், யாருக்கு எதிராக என்பதெல்லாம் அதில் இருந்தது. நான்கு வருடம் கழித்து, 2018 மார்ச்சில், திகன. தெல்தெனியா, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை. அந்தப் பெயர்களை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கும் பல வீடுகளில் அந்த ஊர்களில் மச்சானோ சாச்சியோ இருக்கிறார்கள்.

மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் தடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தடை இருந்தது. எங்கள் உம்மாமார் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பித்தான் பேசுவார்கள். அக்குறணையில் இருக்கும் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க அந்த வழியும் இல்லாமல் போனது. சாதாரண அழைப்பு எடுத்தால் லைன் பிஸி. இன்னொரு பக்கம், எங்கள் பெடியன்மார் அன்று பின்னேரமே வீபிஎன் போட்டுவிட்டார்கள். நெருப்பு வைக்கக் கிளம்பியவனுக்கும் அது தெரிந்திருக்காதா? தடையை மீறிப் பதிவுகள் ஓடிக்கொண்டேயிருந்தன என்று பிறகு ஆய்வாளர்களும் காட்டினார்கள். அந்த ஆய்வு கையில் இருக்கும்போதே 2019 ஏப்ரலில் மறுபடி தடை, மே மாதத்தில் இன்னொரு தடை.

தடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த இரவுகளில் தடை போட்டது நல்லது என்று எங்களில் பலரே சொன்னோம். பயந்தவன் அப்படித்தான் சொல்வான். ஆனால் அது வேலை செய்ததா, யாரைப் பாதுகாத்தது, யாருடைய வாயை மட்டும் மூடியது என்று பார்க்காமல் இரண்டாம் தடவையும் அதே பூட்டைப் போடுவது ஒழுங்குபடுத்தல் ஆகாது.

பேஸ்புக் நிறுவனம், ஆர்டிகிள் வன் என்ற அமைப்பைக் கொண்டு இலங்கையில் தன்னால் ஏற்பட்ட மனித உரிமைப் பாதிப்பை ஆராயச் செய்து, 2020 மே மாதத்தில் முடிவை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. சிங்களம் விளங்கிக் கண்காணிக்கும் ஆட்கள் போதாமல் இருந்தது அதில் ஒரு முக்கிய விஷயம். 2014இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால்... சரி, விடுவோம். அல்லாஹ் அறிந்தவன்.

பிறகு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் சட்டமூலம், உயர் நீதிமன்றத்தில் நிறைய மனுக்கள், 2024 ஜனவரி 24 பாராளுமன்றத்தில் நிறைவேற்றம், பெப்ரவரி 1 சபாநாயகரின் கையொப்பம். இலக்கம் 9. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுவதும் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. வெறுப்புப் பேச்சால் அடி வாங்கிய சமூகம் என்று எங்கள் பெயரைச் சொல்லித்தான் இப்படியான சட்டங்களுக்கு நியாயம் தேடுகிறார்கள். ஆனால் என்ன நடந்தது, எந்தப் பதிவு பயமுறுத்தியது, யாரிடம் முறைப்பாடு செய்தீர்கள், பதில் வந்ததா என்று எங்கள் பாடசாலைப் பக்கமோ பள்ளிவாசல் பக்கமோ யாரும் வந்து கேட்கவில்லை.

வேறு இடங்களில் கேட்பது சட்டக் கடமை. பிரித்தானியாவின் ஒஃப்கொம் நிறுவனம் மக்கள் ஊடகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2014 முதல் பிள்ளைகளின் வீடுகளுக்கு வருடா வருடம் போய், அதே பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆய்வும் அவர்களிடம் உண்டு. அயல்நாடான இந்தியாவில் இன்னும் சுவையான கதை. பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் பற்றிய சர்ச்சையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு ஆலோசனைப் பத்திரம் வெளியிட்டுக் கேள்விகள் கேட்டது. ஒரே மாதிரி அச்சடித்த ஆதரவு மின்னஞ்சல்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. நாங்கள் கேட்ட கேள்விக்கு இவை பதில் இல்லை என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பெப்ரவரி 8ஆம் திகதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி போட்டது. எத்தனை பேர் 'ஆமாம்' போட்டார்கள் என்பதைவிடக் கேள்விக்கு வந்த பதிலுக்கு அங்கே எடை இருந்தது.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொகைமதிப்புத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. கணினி அறிவு பற்றிய அதன் கணக்கில் தோட்டத்துறைதான் கடைசி வரிசை. நுவரெலியா மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் தோட்டத்தில். மாவட்டத்துக்குக் கவரேஜ் உண்டு என்று ஒரே எண்ணில் எழுதிவிட்டால், மேல் டிவிஷன் லயத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மலை ஏறும் பிள்ளை அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விடும். 2020இல் பாடசாலைகள் மூடியபோது அப்படி ஏறிய பிள்ளைகளின் ஆசிரியர்கள் நாங்கள். சில வீடுகளில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், வாப்பா வேலைக்குப் போகும்போது போனும் போய்விடும்.

ஆகவே ஒரு வேலை தொடங்குகிறோம். பத்தாம் பதினோராம் வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் பிள்ளைகள் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுவார்கள். வீட்டில் சிக்னல் எந்த நேரம் இருந்தது, எங்கே போய் நின்றால் கிடைத்தது, மாதத்துக்கு டேட்டாவுக்கு எவ்வளவு போனது, பயமுறுத்தும் செய்தி ஏதும் வந்ததா, எந்த மொழியில், யார் அனுப்பினார், வீட்டில் என்ன செய்தார்கள். பெயர் எழுத மாட்டோம். பெண் பிள்ளைகளின் கொப்பியை ஆசிரியைமார் மட்டுமே பார்ப்பார்கள்.

அதை வைத்துக்கொண்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்கப் போகிறோம்: எங்கள் பிரதேச செயலகப் பிரிவில் சிக்னலை எப்போது, எங்கே நின்று அளந்தீர்கள்? முடிவு என்ன? விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு உண்டு. கொத்மலை அவர்களுக்குப் புதிய இடம் அல்ல, முன்பு கூட்டாளிகளாக வந்தவர்கள்தானே.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். சிங்கள நண்பர்களின் பாடசாலைகளும் வரட்டும், சிக்னல் இல்லாத மலை எல்லோருக்கும் ஒன்றுதான். கேள்வித்தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்திருக்கிறோம். விருப்பமான பெற்றோர் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலைக்கு வாருங்கள். விடுபட்ட கேள்வி ஏதும் இருந்தால் கீழே கொமண்டில் எழுதுங்கள், அச்சடிக்க முதல் சேர்த்துவிடுவோம்.