சனிக்கிழமைச் செய்திகள்

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டம் என்பது சனிக்கிழமையே முடிந்துபோன கூட்டம். இது எனக்குப் புரிய வருஷக்கணக்கில் ஆயிற்று.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு ஜப்பானிய நிறுவனம். விலைப் பேச்சுக்கான கணக்கைப் போடுவது நான், கூட்டத்தில் எழுந்து நின்று ஸ்லைடு காட்டுவதும் நான். ஆனால் நான் பாதிகூடத் தாண்டியிருக்கமாட்டேன், எதிரே இருப்பவர்கள் தலையை ஆட்டிவிடுவார்கள். புது மாடல் தள்ளிப்போகிறது, அவர்களுடைய பர்ச்சேஸ் தலைவர் ஊருக்குத் திரும்புகிறார், இன்னொரு சப்ளையர் தரச் சோதனையில் சிக்கியிருக்கிறார் என்பதெல்லாம் எங்கள் எம்.டி.க்கு முன்பே தெரிந்திருக்கும். அவர் யாரையும் வேவு பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் அவர்களோடு கோல்ஃப் ஆடினார், அவ்வளவுதான்.

எனக்கு கோல்ஃப் மீது மரியாதை கிடையாது. தொப்பி போட்டவர்கள் புல்லில் மெதுவாக நடக்கும் ஒரு சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தில் கீறல் விழுந்தது 2021 ஆகஸ்ட் 7 அன்று. நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய நாள் என்றுதான் எல்லோருக்கும் அந்தத் தேதி நினைவிருக்கும். அதே நாள் விடியற்காலையில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று தொடங்கும்போது இரண்டாம் இடம், முடியும்போது நான்காம் இடம். ஒரே ஒரு அடியில் வெண்கலத்துக்கான வாய்ப்பு போயிற்று. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது அவருடைய அம்மா. விதி ஒன்றும் தெரியாமலே நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் நடந்த கசுமிகசேகி கிளப்பைப் பற்றி அன்றைக்குத்தான் படித்தேன். 2017 வரை அங்கே பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை கிடையாதாம். ஒலிம்பிக் வருகிறது என்ற நெருக்குதலில்தான் மாற்றினார்கள். ஸ்காட்லாந்தில் முயர்ஃபீல்டும் அதே வருஷம்தான் பெண்களைச் சேர்க்க ஓட்டுப் போட்டது.

அடுத்த வாரம் வீடியோ அழைப்பில் ஜப்பானிய அதிகாரி, வேலைப் பேச்சு முடிந்ததும், “அதிதியின் ஆட்டம் பார்த்தீர்களா?” என்று என்னைக் கேட்டார். வெள்ளி வாங்கியது அவர்கள் நாட்டு மோனே இனாமி. பார்த்தேன் என்றேன். பார்ட் நம்பர் இல்லாமல் நாங்கள் இருவரும் பேசியது அதுதான் முதல் தடவை. அழைப்பை அணைத்துவிட்டு, இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். விளையாட்டு ஆசை ஒரு துளிகூட இல்லை. எனக்குத் தெரியாமல் நடக்கும் பேச்சு என் காதில் விழவேண்டும், அதுதான்.

வீட்டில் வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. “வெயில்ல கறுத்துப்போயிடுவ” என்றார் மாமியார். அம்மா ஃபோனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பந்தைக் காட்டுல தொலைச்சுட்டுத் தேடுறதுக்குக் காசு குடுக்குறியா?” என்றாள். விளையாட்டை அவ்வளவு சரியாக வேறு யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நந்தனத்தில் அண்ணா சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது நான் கவனித்ததே இல்லை. அங்கே பயிற்சித் திடலில் கூடை நிறைய பந்து வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். யாரிடமோ வாங்கிய பழைய அரை செட். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், ஆரம்பிப்பவர்களுக்கு அதில் பாதியே அதிகம். காலர் வைத்த டி-ஷர்ட், பேண்ட், இடது கைக்கு மட்டும் ஒரு உறை. புடவையிலும் சுடிதாரிலுமே காலம் தள்ளியவளுக்கு அந்த உடுப்பில் காரிலிருந்து இறங்குவதே ஒரு பயிற்சி.

முதலில் அடித்ததெல்லாம் காற்றைத்தான். பிறகு பந்தின் தலையில் பட்டு அது தரையோடு ஓடியது. மேலே எழும்ப வைக்கவேண்டும் என்று நான் மட்டையை அடியிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் ஏழாம் நம்பர் அயர்னைத் திருப்பி அதன் முகத்தைக் காட்டினார். முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தது. “தூக்குறது இதோட வேலை மேடம். நீங்க கீழ்நோக்கி அடிங்க, போதும்” என்றார். புதிதாக வருகிற ஆபீசர்கள் எல்லோரும் பெரிய டிரைவரை எடுத்து வானத்தைப் பார்த்து விளாசுவார்கள், அரைமணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள் என்றும் சொன்னார். அவர் போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பார் 72, அதாவது 18 குழியையும் 72 அடியில் முடிக்கவேண்டிய மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடி, புல்லில் பந்தை மெல்ல உருட்டும் பட்டிங்குக்கென்றே ஒதுக்கப்பட்டது. பாதி ஆட்டம் அங்கேதான். பலம் வேண்டாம், வயது வேண்டாம், ஆணா பெண்ணா என்பது வேண்டாம். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். நான் பாதி நேரத்தை அந்தக் குழிக்கு முன்னாலேயே செலவழித்தேன்.

தொழில்காரர்கள் டென்னிஸையும் பேட்மின்டனையும் விட்டுவிட்டு ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது மைதானத்தில் இறங்கிய பிறகுதான் விளங்கியது. டென்னிஸில் என்னை மாதிரி ஒருத்தி தேர்ந்த ஆட்டக்காரரோடு பத்து நிமிஷம் நின்றாலே இருவருக்கும் அவமானம். கோல்ஃபில் யாரும் யார் பந்தையும் அடிப்பதில்லை. அவரவர் பந்து, அவரவர் கணக்கு. ஹேண்டிகேப் என்ற ஏற்பாட்டில் ஆரம்பக்காரருக்கு 54 வரை சலுகை உண்டு, அதனால் கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் ஒரே சுற்றில் கௌரவமாக நடக்கலாம். 18 குழிக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. பந்தை அடிக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிஷம்கூட வராது. மிச்சமெல்லாம் நடை. மேஜைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது வராத பேச்சு, ஒரே திசையைப் பார்த்துப் பக்கத்தில் நடக்கும்போது வந்துவிடுகிறது.

வருகிறது என்றால், தானாக வரவேண்டும். எங்களைப் போன்ற இன்னொரு சப்ளையர் மூன்றாவது குழியிலேயே ஃபோனை எடுத்து விலைப்பட்டியலைக் காட்டினாராம். ஜப்பானியர் பட்டியலைப் பார்த்து “நல்ல காற்று அடிக்கிறது” என்றாராம். அந்த சப்ளையரை மறுபடி அங்கே யாரும் பார்க்கவில்லை.

நான் மோசமாக ஆடியதை யாரும் பொருட்படுத்தவில்லை. கூட ஆடியவர்கள் கவனித்தது வேறு. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிஷம்தான் அனுமதி. அதற்குமேல் தேடி எல்லோரையும் நிற்கவைக்கிறேனா? குழியில் அடி எண்ணிக்கை எல்லை மீறினால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேனா? மணல் பள்ளத்திலிருந்து வெளியே வந்ததும் கால் தடத்தைச் சமன் செய்கிறேனா? அடுத்தவர் பட்டிங் பாதையில் என் நிழல் விழுகிறதா? இதெல்லாம் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவளுக்குக் கஷ்டமே இல்லை.

இதை எல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது எம்.டி. இல்லை, பையைச் சுமந்து கூடவே வரும் கேடி அண்ணன். சின்னப் பையனாக இருந்தபோதே மைதானத்துக்கு வந்தவர். எல்லோரையும்விட அவர் நன்றாக ஆடுவார் என்பது அவர் எனக்கு மட்டையைப் பிடித்துக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது. இந்தியன் ஓப்பனை 1991இல் வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். அண்ணனுக்கு இரண்டு கதையும் மனப்பாடம். எங்கள் எம்.டி. கடைசி மூன்று குழிகளில் திடீரென்று ஆட்டத்தை மறந்துவிடுவது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் சிரிக்காமல், “கஸ்டமர் ஜெயிக்கணும்ல மேடம்” என்றார். வாடிக்கையாளரை உபசரிக்க ஆடுவது ஜப்பானில் ஒரு தனிக் கலை. ஆகவே ஜப்பானியருக்கும் இது தெரியாமல் இருக்காது. பந்தை யார் காலால் தள்ளி நகர்த்துகிறார், யார் ஆறு அடித்துவிட்டு ஐந்து என்று எழுதுகிறார் என்பதெல்லாம் கேடிகளுக்குத் தெரியும். “நாங்க சொல்றதில்ல” என்றார். எனக்கென்னவோ, தொழில் செய்ய வருகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இவர்களைத்தான்.

சனிக்கிழமைகளில் நானும் ஒருத்தி ஆனேன். ஜப்பானியர் தன் ஊர்க் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டால் போட்டவர்தான் எல்லோருக்கும் விருந்தும் பரிசும் தரவேண்டுமாம். செலவு தாங்காது என்று அதற்கு இன்ஷூரன்ஸே எடுத்து வைத்துக்கொள்கிறார்களாம். ஒன்பது குழி முடிந்ததும் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் மீதி ஒன்பதாம். கட்டணம் மட்டும் அவரவருடையது, அவர்கள் நிறுவனத்தின் விதி அப்படி. தென்கொரியாவில் 2016இல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டம், அரசு அதிகாரிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் மற்றவர் செலவில் கோல்ஃப் ஆடும் சுகத்தையே இல்லாமல் செய்துவிட்டது என்று அவரே ஒருமுறை சொன்னார். கதைகளுக்கு நடுவே செய்திகளும் வந்தன. எந்த மாடலுக்கு எப்போது ஆர்டர் குறையும், யார் மாற்றலாகிப் போகிறார். ஒப்பந்தம் எதுவும் புல்லில் கையெழுத்தாகவில்லை. ஆனால் திங்கட்கிழமை நான் ஸ்லைடு போடும்போது எனக்கும் முடிவு தெரிந்திருந்தது.

அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ரொம்பவே பிடித்திருந்தது. கிண்டி குதிரைப்பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தபோது, அதற்குள் கோல்ஃப் ஆடிவந்தவர்களின் புலம்பலுக்கு நானும் தலையாட்டினேன். நான் இருப்பது வேளச்சேரி. மழைக்காலத்தில் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற ஜாதி. வெள்ளம் குறைய அங்கே குளம் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை.

என் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், தமிழ்வழியில் படித்தவள், கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஒரு புது பாகத்துக்கான விலை மதிப்பீட்டை இரண்டு வாரம் இராத்திரி பகலாகத் தயாரித்தாள். அந்த மாடலே நிற்கப்போகிறது என்று முதல் வாரமே சனிக்கிழமை நடையில் என் காதில் விழுந்துவிட்டது. நான் அவளிடம் சொல்லவில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் அவள் எழுந்து நின்று பேசினாள். எதிரே இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அதே இடத்தில் நின்று நான் எம்.டி.யைப் பார்த்தது.

அதன்பிறகு, மைதானத்தில் காதில் விழுவதில் வேலைக்குத் தேவையானதைக் குழு முழுவதற்கும் மின்னஞ்சலில் எழுத ஆரம்பித்தேன். எம்.டி.க்குப் பிடிக்கவில்லை. “அங்க பேசுறதையெல்லாம் எழுத்துல போடலாமாம்மா?” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுதுவார்கள் என்று தெரிந்தால் ஜப்பானியர் பேசமாட்டார். இப்போது எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை குழுவில் இருக்கிறவர்களை ஃபோனில் கூப்பிட்டுச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேனா என்று கேட்டால், இல்லை.

அந்தப் பெண்ணைத் திடலுக்கு வா, என் மட்டையில் பழகு, செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வரவில்லை. அவள் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான்காம் நிலைத் தேர்வு முடித்துவிட்டாள், டிசம்பரில் அடுத்தது. போன மாதம் வாடிக்கையாளர் தொழிற்சாலையில் தரப் பிரச்சினை ஒன்று வந்தபோது அங்கிருந்த லைன் மேற்பார்வையாளர்கள் நேராக அவளைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் ஜப்பானிய அதிகாரி அடுத்த சனிக்கிழமை அவளும் ஆட வரலாமே என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். சொன்னேன்.

“சனிக்கிழமை கிளாஸ் இருக்கு மேடம். அவர் சாயங்காலம் ஃப்ரீயா இருந்தா பேசுறேன்னு சொல்லுங்க” என்றாள்.