பாதி மெட்டு உனக்கு, பாதி எனக்கு: பாலியில் ஒரு மணி நேர இசை வகுப்பு

பாலித் தீவுக்குப் போய்வந்தவர்களின் போனைத் திறந்தால் ஊஞ்சல் படம், அருவிப் படம், நீச்சல் குளத்தில் மிதக்கும் காலை உணவுத் தட்டு என்று வரிசையாக வரும். தப்பில்லை, நாங்களும் எடுத்தோம். ஆனால் அந்தத் தீவில் காசு கொடுத்துச் செய்கிற விஷயங்களில் எதைச் சிபாரிசு செய்வாய் என்று கேட்டால், கமெலான் வகுப்பைத்தான் சொல்வேன்.

விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் உபுத். அங்கே சாயங்காலமானால் எங்காவது ஒரு மண்டபத்திலிருந்து வெண்கலச் சத்தம் கிளம்பும். வெண்கலப் பட்டைகள் அடுக்கிய கருவிகள், குடம் கவிழ்த்தது போன்ற சின்ன மணிகள், ஆள் உயரச் சட்டத்தில் தொங்கும் பெரிய கோங், இரண்டு மத்தளம், ஜால்ரா, புல்லாங்குழல் என்று சுமார் 25 பேர் சேர்ந்து வாசிக்கும் இசை அது. கோயில் திருவிழா, பல் ராவும் சடங்கு, தகனம் எதுவானாலும் கமெலான் உண்டு. 2021-ல் யுனெஸ்கோ, இந்தோனேசியாவின் கமெலானைத் தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

முதல் தடவை கேட்பவர்களை மிரட்டுவது வேகம்தான். மழை ஓட்டுக்கூரையில் விழுகிற மாதிரி ஸ்வரங்கள் கொட்டும். ஒரு மனிதக் கை இத்தனை வேகமாக அடிக்க முடியுமா? முடியாது. அந்த ரகசியம்தான் வகுப்பில் கிடைத்தது.

என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். அவளும் நானும் உபுத்தை ஒட்டிய பெலியாத்தான் கிராமத்தில் ஒருவர் வீட்டு முற்றத்துக்குப் போனோம். சின்ன ஊர்தான். ஆனால் 1931-ல் பாரிஸ் கண்காட்சியில் பாலி இசையை அரங்கேற்றியதும், 1952-ல் அமெரிக்கா போய் வாசித்ததும் இந்தப் பகுதிக் கலைஞர்கள்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் ஆசிரியர் சொன்ன முதல் விதி: கருவியைத் தாண்டாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். பெரிய கோங்கின் அடியில் பூவும் ஊதுபத்தியும் வைத்த ஓலைத் தட்டு இருந்தது. இசைக்கருவிகளுக்கென்றே 210 நாளுக்கு ஒரு முறை ‘தும்பெக் குருலுத்’ என்று ஒரு பூஜை நாள் வருமாம். நமக்கு ஆயுத பூஜையை விளக்க வேண்டியதில்லையே, உடனே புரிந்துவிட்டது. அவரை ‘பாக்’ என்று அழைத்தோம். நம் ‘ஐயா’ போல.

எங்களுக்குக் கொடுத்த கருவியின் பெயர் கங்சா. பத்து வெண்கலப் பட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒலியைப் பெருக்க ஒரு மூங்கில் குழாய். வலது கையில் மரச்சுத்தி. ஸ்வரங்கள் ஐந்தே: டிங், டோங், டெங், டுங், டாங். பெயரைச் சொன்னாலே பாட்டு!

சுத்தியால் அடிப்பது சுலபம். நிறுத்துவதுதான் வித்தை. வெண்கலம் அடித்த பிறகும் பாடிக்கொண்டே இருக்கும். அடுத்த பட்டையை அடிக்கும் அதே நொடியில், முந்தைய பட்டையை இடது கை விரலால் பிடித்து அடக்க வேண்டும். வலது கை முன்னே ஓட, இடது கை ஒரு அடி பின்னாலேயே துரத்துகிறது. இல்லாவிட்டால் எல்லா ஒலியும் சேர்ந்து பாத்திரக் கடை ஆகிவிடும்.

நோட்டுப் புத்தகம் கிடையாது. ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து, கருவியின் மறுபக்கத்திலிருந்து தலைகீழாகவே வாசித்துக் காட்டினார். அவர் கையைப் பார்த்து நாம் வாசிக்க வேண்டும். “லாகி” என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். “பெலான், பெலான்.” மெதுவாக, மெதுவாக. ஒரு மணி நேரத்தில் நாங்கள் அதிகம் கேட்ட சொற்கள் இவைதான்.

நடுவில் என் மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு, “அத்தை, உங்க கருவிக்கும் என்னோடதுக்கும் சுருதி சேரலையே” என்றாள். ஆசிரியருக்கு ஒரே சிரிப்பு. வேண்டுமென்றே செய்வதாம். கங்சாக்கள் ஜோடி ஜோடியாக வரும். ஒன்றைத் துளி தாழ்த்தியும் மற்றதைத் துளி உயர்த்தியும் சுருதி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒலி அலை அலையாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு ‘ஓம்பாக்’ என்று பெயர். ஓம்பாக் என்றாலே அலைதான். நடுக்கம் இல்லாத கமெலானை உயிரில்லாதது என்பார்கள். சுருதி சுத்தம் என்று கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது கொஞ்சம் உதைக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும். இன்னொன்று: ஒவ்வொரு செட்டுக்கும் தனிச் சுருதி. பக்கத்துத் தெரு கங்சாவைக் கடன் வாங்கி வந்து இதோடு சேர்த்து வாசிக்க முடியாது.

கடைசி இருபது நிமிடம்தான் விஷயம். எனக்கு ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தார். அதில் அங்கங்கே ஓட்டை. மருமகளுக்கு வேறு வரிசை. அதிலும் ஓட்டை. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அரைகுறை. சேர்த்து வாசிக்கச் சொன்னார். இரண்டு தடவை மோதிக்கொண்டோம்.

“அத்தை, நீங்க விடற இடத்துல நான் அடிக்கணும், அவ்ளோதான். என்னைப் பார்க்காதீங்க, கேளுங்க.”

நான்காவது தடவை பூட்டு விழுந்தது. திடீரென்று எங்கள் இருவருக்கும் தெரியாத ஒரு மெட்டு, இரண்டு மடங்கு வேகத்தில், நடுவிலிருந்து கிளம்பி வந்தது. இதுதான் கோத்தெக்கான். ஒரு பாதிக்கு ‘போலோஸ்’, மறு பாதிக்கு ‘சங்சி’. பாட்டிகளைக் கேளுங்கள், ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டதைச் சொல்வார்கள். ஒருவர் பிசகினால் உலக்கை இடிக்கும். பக்கத்து ஜாவா தீவில் நெல் குத்தும் உலக்கையின் தாள இசைக்கும் இதே பெயர்தான் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

பாலியின் பெரிய வித்வானும் வீட்டில் தனியே உட்கார்ந்து கோத்தெக்கானை முழுசாக வாசிக்க முடியாது. எதிர்பாதிக்கு ஆள் வேண்டும். ஊரே சேர்ந்து ஒத்திகை பார்ப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஒரு மணி நேரத்தில் கமெலான் வந்துவிடுமா என்று கேட்காதீர்கள். கனடாவில் பிறந்த இசையமைப்பாளர் காலின் மெக்ஃபீ, நியூயார்க்கில் பாலி இசைத்தட்டைக் கேட்டுவிட்டு 1930-களில் இங்கே வந்தவர். உபுத் பக்கத்தில் சாயன் கிராமத்தில் வீடு கட்டி, பல வருடம் தங்கி, சிறுவர்களுக்கென ஒரு கமெலான் குழுவையே உருவாக்கினார். இந்த இசை பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது 1966-ல், அவர் இறந்த பிறகு. வாழ்நாள் வேலை அது. ஒரு மணி நேர வகுப்பு காதைத் திறந்துவிடும், அவ்வளவே.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உடை மாட்டி, போட்டோ எடுத்து, பத்து நிமிடம் தட்டவைத்து அனுப்பும் ‘அனுபவ’ பேக்கேஜ்களைத் தவிர்த்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். தங்கும் விடுதிக்காரரிடம், பக்கத்தில் யார் வீட்டில் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு பேராகப் போங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் முடியும், கொஞ்ச நேரம் தாழ உட்கார முடிந்தால் போதும். முடிந்ததும் ‘சுக்ஸ்மா’ என்று நன்றி சொல்லுங்கள். இன்னும் ஆர்வம் இருந்தால் குளுங்குங் பக்கம் திஹிங்கான் கிராமத்தில் கோங் வார்க்கும் கொல்லர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பு நடந்த நாளே ராத்திரி உபுத் அரண்மனையில் நடனம் பார்க்கப் போங்கள். நாங்கள் போனோம். எல்லோரும் நடனப் பெண்களின் கண்ணையும் விரலையும் படம்பிடித்துக்கொண்டிருக்க, என் மருமகள் மட்டும் ஓரத்தில் வாசிப்பவர்களையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைச் சுரண்டி, “அத்தை, அந்தச் சிவப்புத் தலைப்பாகை அண்ணன் சங்சி. பக்கத்துல இருக்கறவர் போலோஸ். பாருங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை” என்றாள்.